மணிக்கட்டு முறிவும் மரத்துப்போன விரல்களும்

(நீண்ட பதிவு. எழுதுபவன் மொழியியல் படித்தவன், மருத்துவன் அல்லன். சிகிச்சைக்கு மருத்துவரை நாடுக.)

1814ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஏபிரகாம் காலிஸ், எடின்பரோவிலிருந்து வெளிவந்த மருத்துவ இதழொன்றில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ரேடியஸ் எனப்படும் ஆரை எலும்பு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிவதைப் பற்றியது அக்கட்டுரை. அதுவரை பெரும்பாலோர் அதனை மூட்டு விலகல் என்றும் சுளுக்கு என்றும் எண்ணி வந்தனர். எக்ஸ் கதிர் கண்டறியப்படுவதற்கு 81 ஆண்டுகளுக்கு முன்னர், கையால் தொட்டும் அசைத்தும் பார்த்தே இது எலும்பு முறிவு என்று காலிஸ் நிறுவினார். உருக்குலைவு நிலைத்துவிட்டாலும் காலப்போக்கில் வலி தீர்ந்து கை தடையின்றி இயங்கும் என்றும் அவர் எழுதினார். அக்கட்டுரையின் கவலை எலும்பைப் பற்றியது. இன்றும் மணிக்கட்டு முறிவைக் குறித்து நாம் பேசும்போது எலும்பைப் பற்றியே பேசுகிறோம். படம் எடுத்தால் எலும்பு தெரிகிறது. நரம்பு தெரிவதில்லை. அது கெட்டிருப்பதை, நோயாளி வாய்திறந்து சொன்னால்தான் முதலில் அறிய முடியும். நோயாளி எட்டு வயதுக் குழந்தையாக இருந்தால் என்ன நிகழ்கிறது என்பதே இப்பதிவின் பொருள்.

முதலில் உடற்கூறு, சுருக்கமாக. மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு குறுகிய சுரங்கம் உண்டு. தரையும் சுவர்களும் சிற்றெலும்புகளால் ஆனவை; கூரை ஒரு தடித்த நார்ப்பட்டை. அதனுள் ஒன்பது தசைநாண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு செல்கிறது மீடியன் நரம்பு, அதாவது நடுநரம்பு. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியவற்றின் உணர்ச்சி அதன் பொறுப்பு. சுண்டுவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் அல்னர் நரம்பின் பொறுப்பு; அது சுரங்கத்துக்கு வெளியே ஓரமாகச் செல்கிறது. விழும்போது உள்ளங்கையை ஊன்றிவிடுகிறோம். முறிந்த எலும்பின் கைப்பக்கத் துண்டு புறங்கையை நோக்கி விலக, முழங்கைப் பக்கத் துண்டின் கூரிய முனை முன்னோக்கி வந்து நடுநரம்பின் மேல் முட்டுகிறது.

வளரும் வயதினரிடம் இதில் ஒரு தனிச்சிக்கல். ஆரை எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ முக்கால் பங்கு, மணிக்கட்டை ஒட்டியுள்ள வளர்தட்டு என்னும் குருத்தெலும்புப் படலத்தில் நிகழ்கிறது. பெண்பிள்ளைகளுக்குப் பதினொன்று பன்னிரண்டு வயதிலும் ஆண்பிள்ளைகளுக்கு அதற்கு ஓரிரண்டு ஆண்டுகள் பின்னரும் உயரம் கிடுகிடுவென ஏறுகிறது. எலும்பு நீளும் வேகத்துக்கு அதில் தாதுப்பொருள் சேர்வதில்லை. மணிக்கட்டு முறிவு அவ்வயதில் உச்சம் தொடுவதற்கு இது ஒரு காரணம். வளர்தட்டின் வழியாகவே எலும்பு பிளந்து நகர்ந்துவிடுவதும் உண்டு. லண்டனில் ஜான் போலண்ட் என்பவர் 1898இல் இத்தகைய பிளவுகளைப் பற்றி மட்டுமே ஒரு பெருநூல் எழுதினார்.

அச்சப்பட வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறுவர்களின் மணிக்கட்டு முறிவுகளில் மிகப் பெரும்பாலானவை மாவுக்கட்டிலேயே குணமாகின்றன. நரம்பு பாதிக்கப்படுவது சிறுபங்கினருக்கே. அவர்களிலும் பலருக்கு எலும்பை நேராக்கியதும் வாரங்களிலோ மாதங்களிலோ உணர்ச்சி மீண்டுவிடுகிறது. மீதமுள்ள சிலரிடம்தான் காலம் முக்கியமாகிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். நரம்பைப் பற்றிய எச்சரிக்கை, நரம்பைப் பற்றி நன்கு அறியப்படாத காலத்திலேயே ஒருவகையில் தொடங்கிவிட்டது. சுசுருத சங்கிதையின் சிகிச்சைப் பகுதியில் முறிவு மருத்துவத்துக்கு ஓர் அதிகாரம் உண்டு. இலுப்பை, அத்தி, அரசு, மருது, ஆல், மூங்கில் முதலியவற்றின் பட்டைகளையும் பிளாச்சுகளையும் தப்பையாக வைத்துக் கட்டச் சொல்கிறது அந்நூல். உடனேயே கட்டின் இறுக்கத்தைப் பற்றிப் பேசுகிறது. மிகத் தளர்ந்தால் மூட்டு உறுதி பெறாது. மிக இறுகினால் தோலும் சதையும் வீங்கி வலித்துப் புண்ணாகும். ஆதலால் நடுத்தரமாகக் கட்டுக என்கிறது. குளிர்காலத்தில் ஏழு நாளுக்கு ஒருமுறையும், மிதமான காலத்தில் ஐந்து நாளுக்கு ஒருமுறையும், வெயிற்காலத்தில் மூன்று நாளுக்கு ஒருமுறையும் கட்டை அவிழ்த்துக் கட்ட வேண்டுமாம். இக்கணக்கை நான் மிகவும் மதிக்கிறேன். ஒருமுறை போட்ட கட்டைக் குணமாகும்வரை தொடக்கூடாது என்னும் எண்ணம் அதில் இல்லை. ‘நம் முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர்’ என்று இதனைப் பகிர விரும்பும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: அதே நாட்டில்தான் இன்றும் இறுகக் கட்டப்பட்ட மூங்கில் தப்பைக்குள் விரல்கள் கறுத்துப்போன பிள்ளைகள் மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். நூலில் இருந்த எச்சரிக்கை கைமாறி வந்த தொழிலில் எல்லா இடத்திலும் தங்கவில்லை. நாட்டு வைத்தியர் கட்டினாலும் நவீன மருத்துவர் கட்டினாலும் இறுக்கத்தின் விளைவு ஒன்றே.

உடைந்த மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதைத் தெளிவாகப் பதிவுசெய்த பழைய குறிப்புகளுள் ஒன்று, ஜேம்ஸ் பேஜட்டின் அறுவை நோய்க்குறியியல் சொற்பொழிவுகளில் இருக்கிறது. 1850களின் தொடக்கத்தில் அச்சானவை அவை. லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஒருவர் இருந்தார். ஆரை எலும்பின் கீழ்முனை முறிந்து, பழுதுபார்க்க வளர்ந்த புது எலும்பு அளவுக்கு மீறிப் பெருகி, நடுநரம்பை அழுத்திவிட்டது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றிலும் புண். எந்த மருந்துக்கும் ஆறவில்லை. கடைசியில் உள்ளங்கைப் பக்கம் தளரும்படி மணிக்கட்டை மடக்கிக் கட்டினார்கள். புண்கள் ஆறின. அவர் கையைப் பயன்படுத்தத் தொடங்கியதும் அழுத்தம் மீண்டது, புண்களும் மீண்டன. இந்நிகழ்வைப் பேஜட்டுக்குச் சொன்னவர் ஜான் ஹில்டன் என்னும் மற்றொரு மருத்துவர். நரம்பின் எல்லைக்கோட்டை அந்தப் புண்களே வரைந்து காட்டிவிட்டன என்பதுதான் இதில் என்னைக் கவர்வது. நோயாளி எந்த விரல் மரத்தது என்று சொல்லியிருக்கவும் வேண்டியதில்லை.

மடக்கிக் கட்டுதல் என்னும் இதே வைத்தியம் பின்னர் எதிர்வேடம் பூண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முறிந்த எலும்பு நழுவாமலிருக்க மணிக்கட்டை முற்றிலும் உள்நோக்கி மடக்கி மாவுக்கட்டுப் போடும் முறை பரவலாயிற்று. காட்டன்–லோடர் நிலை என்று அதற்குப் பெயர். எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு அழகாகப் பொருந்தித் தெரியும். 1933இல் அபட், சாண்டர்ஸ் என்னும் இருவர், ஆரை முறிவில் நடுநரம்புக்கு நேரும் கேடுகளை ஆராய்ந்து, அந்நிலையே நரம்பை நசுக்குகிறது என்று எழுதினர். பேஜட் சொன்ன நோயாளிக்கு அது நன்மை செய்தது ஏன்? அவருடைய நரம்பு ஒரு பழைய எலும்புப் புடைப்பின் மேல் இழுபட்டுக் கிடந்தது, மடக்கியதும் தளர்ந்தது. புதிதாக உடைந்து வீங்கிய மணிக்கட்டில் நிலைமை வேறு. சுரங்கம் ஏற்கெனவே இரத்தத்தாலும் வீக்கத்தாலும் நிரம்பியிருக்கிறது. மடக்கினால் அதில் மேலும் நெருக்கடி. எலும்புக்கு உகந்த நிலை நரம்புக்குப் பகையாகலாம் என்னும் பாடம் இவ்வாறுதான் கற்கப்பட்டது. 1994இல் பாஸ்டனின் பீட்டர் வாட்டர்ஸும் உடன் எழுதிய இருவரும், வளர்தட்டு முறிவுக்குப் பின் நடுநரம்பு செயலிழந்த இளையோரைப் பற்றி எழுதியபோதும், வீக்கம் மிகுந்த கையில் முழுவட்ட மாவுக்கட்டைக் குறித்து எச்சரிக்க வேண்டியிருந்தது.

மாவுக்கட்டு என்றதும் ஒருவரை நினைவுகூர வேண்டும். டச்சுப் படைமருத்துவர் அந்தோனியஸ் மத்தைசன் 1850களின் தொடக்கத்தில் ஜிப்சத் தூள் தடவிய துணிச்சுருளை அறிமுகப்படுத்தினார். நனைத்துச் சுற்றினால் சில நிமிடங்களில் இறுகிவிடும். போர்க்களத்துக்குப் பெரும் வரம். ஆனால் மூங்கில் தப்பை சற்றேனும் நெகிழும், இது நெகிழாது. உள்ளே கை வீங்கினால் வீக்கம் போவதற்கு இடமில்லை.

1881இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்து ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மன், இறுகிய கட்டுகளுக்குப் பின் முன்கைத் தசைகள் செத்து, விரல்கள் நகங்களாய் மடங்கி நிலைத்துவிடும் அவலத்தை விவரித்தார். முழங்கை, முன்கை முறிவுகளில் சிறுவர்களுக்கு மிகுதியாக நேர்வது அது. அதுவரை, கட்டு நரம்பை அழுத்தியதால் வந்த வாதம் என்று அதற்குப் பொருள் சொல்லப்பட்டது. ஃபோல்க்மன் மறுத்தார்: இரத்தம் போகாமல் தசையே மடிகிறது, அதுவும் சில மணி நேரங்களில். நரம்பும் அதே பட்டினியில்தான் கெடுகிறது என்பதைப் பின்வந்தோர் சேர்த்தனர். ஃபோல்க்மனுக்கு மற்றொரு முகமும் உண்டு. 1870–71 போரின்போது பாரிசை முற்றுகையிட்ட படையிலிருந்துகொண்டு குழந்தைக் கதைகள் எழுதி வீட்டுக்கு அனுப்பியவர் அவர். ரிச்சர்ட் லேயாண்டர் என்னும் புனைபெயரில் அவை நூலாகி, ஜெர்மன் வீடுகளில் தலைமுறைகளாக வாசிக்கப்பட்டன. ஒரு நாட்டின் குழந்தைகளுக்கு இரவுக்கதை சொன்னவரின் பெயர், அதே குழந்தைகளின் கைகளை முடமாக்கும் நோய்க்கும் வைக்கப்பட்டிருக்கிறது.

அடுத்த பெரும் அடி முதல் உலகப் போரில். 1915இல் பிரான்சின் ஜூல் தினேல், ஜெர்மனியின் பவுல் ஹொஃப்மன் என்னும் இருவர், எதிரெதிர்ப் படைகளின் காயம்பட்டோரைப் பார்த்தவர்கள், ஒருவரையொருவர் அறியாமல் ஒரே குறியைக் கண்டனர். அறுந்த நரம்பின் மேல் விரலால் தட்டினால், அது மீளத் துளிர்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு விறுவிறுப்பு எழும். தினேல் தம் கட்டுரைத் தலைப்பிலேயே அதற்கு வைத்த பெயர் ஃபூர்மிய்மான். பிரெஞ்சில் ‘ஃபூர்மி’ என்றால் எறும்பு. எறும்பு ஊர்தல் என்பதே அச்சொல்லின் பொருள். அவர் ஒரு வேறுபாட்டையும் வலியுறுத்தினார்: தட்டும்போது வலித்தால் நரம்பு உறுத்தப்படுகிறது; எறும்பு ஊர்ந்தால் நரம்பு வளர்கிறது. ஒரு மருத்துவ முடிவு முழுவதும், நோயாளி இரு சொற்களுள் எதைத் தேர்கிறார் என்பதில் தொங்குகிறது.

என் துறைக்காரர்களுக்கு இங்கே பசி எடுக்கும். உணர்விழப்புக்கு நம் மொழிகளில் உள்ள சொற்களைப் பாருங்கள். தமிழில் ‘மரத்துப்போதல்’, கேட்கும்போதே மரக்கட்டை நினைவுக்கு வருகிறது. மலையாளத்தில் ‘மரவிப்பு’, உடன் ‘தரிப்பு’. தெலுங்கில் ‘திம்மிரி’. அதன் உறவான ‘திமிர்’ தமிழிலும் உணர்விழப்பைக் குறித்தது. இன்று நமக்கு அது செருக்கு மட்டுமே. கன்னடத்தில் ‘ஜோமு’. இந்தியில் ‘சுன்ன்’ என்றால் உணர்வே இல்லை. ‘ஜுன்ஜுனி’ என்றால் விறுவிறுப்பு. ‘ஜுன்ஜுனா’ என்பது குழந்தையின் கிலுகிலுப்பை. நரம்பியலில் இவ்விரண்டும் ஒன்றல்ல. ஜுன்ஜுனி என்றால் நரம்பு முனகிக்கொண்டாவது இருக்கிறது. சுன்ன் என்றால் அது மௌனம்.

நான் ஆய்வுக்காகத் தங்கியிருக்கும் வடநாட்டு நகரில், ஒரு தமிழ்க் குடும்பத்துக்காக மருத்துவமனையில் மொழிபெயர்க்க நேர்ந்தது. மாவுக்கட்டுப் போட்ட பத்து வயதுச் சிறுமி, “கை மதமதன்னு இருக்குண்ணா” என்றாள். மருத்துவர் கேட்டார்: ஜுன்ஜுனியா, சுன்னா? ‘மதமதப்பு’ இரண்டையும் தனக்குள் வைத்திருக்கும் சொல். அவளிடமே திரும்பக் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “பொம்மை கை மாதிரி” என்றாள். மருத்துவர் மேற்கொண்டு என்னைக் கேட்கவில்லை. கட்டை நீளவாக்கில் பிளந்து தளர்த்தச் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் வந்து பார்த்தார்.

குழந்தைகளிடம் சொல் கிடைக்காது என்பதை உணர்ந்த மருத்துவம், சொல் இல்லாமலே கையைக் கேட்கும் வழிகளைத் தேடியது. ஸ்வீடனின் யோத்தேபோரி நகரில் எரிக் மோபெரி 1958இல் வெளியிட்ட கட்டுரை இவ்வழியில் ஒரு மைல்கல். நரம்பு அறுந்த தோல் வியர்ப்பதில்லை. விரல்களைத் தாளில் ஒற்றி, நின்ஹைட்ரின் என்னும் வேதிப்பொருளைத் தெளித்தால், வியர்வையிலுள்ள அமினோ அமிலங்கள் ஊதா நிறமாகும். காவல்துறை கைரேகை எடுக்கப் பயன்படுத்தும் அதே பொருள். உயிருள்ள விரல் ஊதாப் புள்ளிகளாகப் பதியும். நரம்பற்ற விரலின் இடம் வெறுமையாக இருக்கும். 1973இல் ஓ’ரியன் என்பவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இன்னும் எளியதொன்றைச் சொன்னார்: வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் கையை வைத்தால் விரல் நுனி சுருங்குமல்லவா, நரம்பற்ற விரல் சுருங்காது. 1936இலேயே லூயிஸும் பிக்கரிங்கும் கவனித்திருந்தது இது, சோதனையாக்கியவர் ஓ’ரியன். பச்சிளங் குழந்தைக்கும் இதனைச் செய்யலாம். ஆயினும் புதிதாகப் போட்ட மாவுக்கட்டை யாரும் தண்ணீருக்குள் விடமாட்டார்கள். வாரங்கள் கழித்து உதவும் சோதனை இது. முதல் இரவுக்கு உதவாது.

இடையில் ஹெர்பர்ட் செடன் 1943இல் நரம்புக் காயங்களை மூன்றாகப் பிரித்ததைச் சொல்லாமல் விட இயலாது. நியூரப்ராக்சியா: நரம்பு முழுதாக இருக்கிறது, செயல்படவில்லை. ஆக்சனோட்மெசிஸ்: உள்ளிழைகள் அறுந்தன, உறை இருக்கிறது. நியூரோட்மெசிஸ்: அனைத்தும் அறுந்தது. இளையோரின் மணிக்கட்டு முறிவில் மிகுதியும் முதல் வகையே. இரண்டாம் வகையில், இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்ந்து விரல்நுனி சேர மாதங்கள் ஆகும். ‘ட்மெசிஸ்’ என்பது இலக்கணக்காரர்களுக்கும் பழகிய சொல்: ஒரு கூட்டுச்சொல்லை வெட்டி, நடுவில் வேறு சொல் வைப்பது. ஹோமரின் கிரேக்கத்தில் நிரம்பக் காணலாம். முதுகலை வகுப்பில் அதனைப் படித்தபோது, உடலிலும் அது நிகழ்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

முதல் இரவைப் பற்றிப் பாஸ்டனிலிருந்தே 2001இல் மற்றொரு கட்டுரை வந்தது. கட்டுக்குள் அழுத்தம் ஏறும் குழந்தைகளிடம், பாடநூல்கள் பெரியவர்களுக்குச் சொல்லும் அறிகுறிகளைத் தேடிக்கொண்டிருந்தால் தாமதமாகிவிடும். பதற்றம், அமைதியின்மை, வலிமருந்தின் தேவை கூடிக்கொண்டே போவது ஆகிய மூன்றையும் கவனிக்கச் சொன்னது அது. ‘அடம் பிடிக்கிறான்’ என்று நாம் பெயரிடுவதை அம்மருத்துவர்கள் ஓர் அறிகுறியாகப் படித்தார்கள்.

2003இல் ஒரு குறுங்கட்டுரை, கல்–காகிதம்–கத்தரி விளையாட்டையே நரம்புச் சோதனையாக்கியது. கல்லுக்கு முஷ்டி: நடுநரம்பு. காகிதத்துக்கு விரித்த கை: ரேடியல் நரம்பு. கத்தரிக்கு இரு விரல்கள்: அல்னர் நரம்பு. அழகான யோசனை, முழங்கை முறிவில் மிகவும் பயன்படுகிறது. மணிக்கட்டில் மட்டும் கல் நம்மை ஏமாற்றும். விரல்களை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய கிளைகளை நடுநரம்பு மேலேயே கொடுத்துவிட்டு வருகிறது. ஆகவே மணிக்கட்டில் அது முழுவதுமாக அறுந்தாலும் குழந்தை முஷ்டி பிடிக்கும். ‘விரலை ஆட்டு’ என்றால் ஆட்டும். வீட்டார் நிம்மதியடைவர். அங்கே கெட்டிருப்பவை இரண்டு: உள்ளங்கையைத் தட்டையாக மேல்நோக்கி வைத்து, கட்டைவிரலைக் கூரையை நோக்கி நேரே தூக்கும் ஆற்றல், முதல் மூன்று விரல்நுனிகளின் உணர்ச்சி.

உணர்ச்சியை அறியக் குழந்தையிடம் ‘மரத்திருக்கிறதா’ என்று கேட்பதால் பயனில்லை. அச்சொல் அதனிடம் இன்னும் வந்திராது. நல்ல கையின் சுட்டுவிரல் நுனியையும் கட்டுப் போட்ட கையின் சுட்டுவிரல் நுனியையும் மாறி மாறி மெல்லத் தொட்டு, “இரண்டும் ஒரே மாதிரி இருக்கா?” என்று கேட்கலாம். பிறகு சுண்டுவிரல்களையும் அவ்வாறே. ஐந்தாறு வயதுப் பிள்ளையும் இதற்கு விடை சொல்லிவிடும். ‘இல்லை’ என்று சொன்னால், அது இரவு இரண்டு மணியாக இருந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.